பேப்பர் அண்ணாச்சி வீட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா கோவில்பட்டியில் 1984 முதல் 2022 வரை நாளிதழ் ஏஜென்ட். தமிழ்ப் பேப்பர் நான்கு, இங்கிலீஷ் பேப்பர் இரண்டு, மாலைப் பேப்பர் ஒன்று. ஊருக்கு அவர் பேப்பர் அண்ணாச்சி, நான் பேப்பர் அண்ணாச்சி மகள். ஏஜென்சியை விட்டு வருடங்கள் ஆகியும் கடைவீதியில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏஜென்சியை ஏன் விட்டீர்கள்? யாரும் பேப்பர் படிப்பதில்லை என்றா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். விட்ட மாதத்தில்கூட எங்களுக்கு முந்நூறு வீடுகளுக்கு மேல் இருந்தன. கொண்டுபோய்ப் போட ஆள்தான் இல்லை.

தொண்ணூறுகளில் எங்களுக்குப் பதினொரு லைன். லைன் என்றால் ஒரு பையன் ஒரு காலையில் சைக்கிளில் சுற்றும் தெருக்கள். ஒரு லைனுக்கு எண்பது, நூறு வீடுகள் இருக்கும். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பையன்கள் போடுவார்கள். பள்ளிக்கூட ஃபீஸ், நோட்டு, தீபாவளிச் சட்டை எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். படிப்பு முடிந்ததும் விட்டுவிடுவார்கள். தம்பியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போவார்கள். ஒரே வீட்டிலிருந்து அடுத்தடுத்து மூன்று பேர் எங்களிடம் வேலை பார்த்ததுண்டு.

பிறகு தம்பிகள் வருவது நின்றது. அது நல்லதுக்குத்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டு, பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகக் கைகொடுப்பதற்கு விலக்கு உண்டு. ஆனால் அதற்கு முன்பே பையன்களுக்கு டியூஷன் வந்துவிட்டது. பெரியவர்களை வைக்கலாம் என்றால், சாப்பாடு டெலிவரி செய்கிறவர் ஒரு வாரத்தில் சம்பாதிப்பதை நாங்கள் ஒரு மாதத்துக்குக்கூடக் கொடுக்க முடியாது. பேப்பரின் விலையில் ஒரு பங்குதான் எங்கள் கமிஷன். அதில் பையன் சம்பளம், சைக்கிள் பஞ்சர், வராத பாக்கி எல்லாம் அடங்க வேண்டும். ஒரு சமயம் போட்டியில் ஒரு பேப்பரை ஒரு ரூபாய்க்கு இறக்கினார்கள். படிக்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். சுமக்கிற எடையும் மிதிக்கிற தூரமும் அதேதான், கமிஷன் மட்டும் சில்லறைக் காசாகிவிட்டது.

கடைசி இரண்டு வருடம் அப்பாவே டிவிஎஸ் 50இல் மூன்று லைன் போட்டார். வயது எழுபத்து நான்கு. ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்தார். அம்மா எதுவும் பேசவில்லை. பத்திரிகை ஆபீஸ்களில் கட்டியிருந்த டெபாசிட்டைத் திருப்பி வாங்க எழுத வேண்டிய கடிதத்தை என்னிடம் எழுதச் சொன்னாள்.

பேப்பர் வராமல் போனதும் அந்த முந்நூறு வீட்டில் பாதிப் பேர் வேறு ஏஜென்டைத் தேடவில்லை. ஒரு வாரம் திட்டிவிட்டுப் போனுக்குப் பழகிவிட்டார்கள். போன் வந்ததால் பேப்பர் நின்றது என்பார்கள். எங்கள் தெருவில் பேப்பர் நின்ற பிறகுதான் போன் அந்த இடத்துக்கு வந்தது.

ராத்திரி அச்சாகும் பேப்பர் காலை ஆறு மணிக்குள் வாசலுக்கு எப்படி வந்தது?

தமிழ்ப் பேப்பர்கள் சில திருநெல்வேலியில் அச்சாகும், சில மதுரையில். கோவில்பட்டி இரண்டுக்கும் நடுவே நெடுஞ்சாலையில் இருப்பதால் வேன்கள் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும். மூன்றரை மணிக்கு அப்பா பஸ் ஸ்டாண்டு முன்னால் நிற்பார். வேன் முழுசாக நிற்காது. மெதுவாக உருண்டபடியே கட்டுகளை உருட்டிவிட்டுப் போகும். பழுப்புத் தாள் சுற்றி, சணல் போட்டு, மேலே ஊர் பெயரும் எண்ணிக்கையும் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும்.

அப்புறம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிரிப்போம். வெள்ளி, ஞாயிறு என்றால் இணைப்பு தனிக் கட்டாக வரும். ஒவ்வொரு பேப்பருக்குள்ளும் கையால் செருக வேண்டும். அம்மாவும் நானும் அதற்குத்தான் எழுந்திருப்போம். நகைக்கடை, ஜவுளிக்கடை நோட்டீஸ் இருந்தால் அதையும் வைக்க வேண்டும். ஆயிரம் நோட்டீஸுக்கு இவ்வளவு என்று தனிக் காசு கிடைக்கும். உண்மையைச் சொன்னால் தீபாவளி, ஆடி மாதங்களில் வீட்டை ஓட்டியது அந்த நோட்டீஸ் காசுதான். பேப்பரைத் திறந்ததும் மடியில் கொட்டுகிற நோட்டீஸை எரிச்சலோடு எறிந்தவர்கள் கொஞ்சம் மன்னிக்கவும்.

சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு முதல் பஸ். டிரைவர் பக்கத்தில் கட்டை வைத்துவிட்டால், ஊர் வந்ததும் கண்டக்டர் டீக்கடை வாசலில் வீசிவிட்டுப் போவார். அதற்கு அவருக்கு ஒரு ஓசிப் பேப்பர். முதல் பஸ் ரத்தானால் அந்தக் கிராமத்துக்கு அன்றைய உலகச் செய்தி மதியம்தான்.

உங்கள் வீட்டில் எல்லோரும் விடியும்வரை தூங்கிய நாள் உண்டா?

பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி மாதிரி நாட்களில் பத்திரிகை ஆபீஸ்களுக்கு விடுமுறை. மறுநாள் பேப்பர் கிடையாது. ஊருக்கெல்லாம் தீபாவளி ஒரு நாள் என்றால் எங்களுக்கு மறுநாளும் சேர்த்து. அன்று ஏழு மணிக்கே ஒருவர் வந்து கதவைத் தட்டி, "அண்ணாச்சி, பேப்பர் இன்னும் வரலையே" என்று கேட்பார். ஒவ்வொரு வருடமும் அதே ஆள்தான்.

இந்து பேப்பர் ஏரோப்ளேனில் வந்தது என்று தாத்தா சொல்கிறார். கதைதானே?

கதையில்லை. சென்னையில் அச்சான பேப்பரை வெளியூர்களுக்குக் கொண்டுபோக 1963இல் அவர்கள் சொந்தமாகவே விமானங்கள் வாங்கினார்கள். பக்கங்களின் உருவத்தைத் தொலைவுக்கு அனுப்பி அங்கேயே அச்சடிக்கும் முறை 1969இல் கோவையில் தொடங்கிய பிறகு, பேப்பர் பறக்க வேண்டிய தேவை மெல்ல மெல்லக் குறைந்தது. அந்தந்த வட்டாரத்திலேயே அச்சாகி வருவதுதான் நான் பார்த்தது. அப்பாவுக்கு அந்த விமானத்தைப் பார்க்கவில்லையே என்று இன்னமும் ஒரு குறை.

பரீட்சை ரிசல்ட் பேப்பரில்தான் வருமாமே?

ஆமாம். எஸ்எஸ்எல்சி, பிளஸ் டூ இரண்டுக்கும் பாஸான நம்பர்கள் மட்டும் பொடி எழுத்தில் பத்தி பத்தியாக வரும். பெயர் இருக்காது, மார்க் இருக்காது. நம்பர் இருந்தால் பாஸ். இல்லாவிட்டால் இல்லை, அவ்வளவுதான்.

அன்று மட்டும் கட்டு வருவதற்கு முன்பே எங்கள் வாசலில் கூட்டம் நிற்கும். கையில் ஹால் டிக்கெட், கூட ஒரு அப்பாவோ மாமாவோ. என் அப்பா திண்ணையில் உட்கார்ந்து டார்ச் அடித்து விரலால் தடவித் தேடுவார். நம்பர் இருந்தால் சத்தமாகச் சொல்லுவார். இல்லாவிட்டால் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லவே மாட்டார். "இதுல அச்சுப் பிழை நிறைய வரும் தாயி. எதுக்கும் ஸ்கூல்ல போய் ஒரு தடவ பாத்துட்டு வா" என்பார். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கும். அந்த ஐந்து மணி நேரத்தைத்தான் அவர் அவர்களுக்குக் கொடுத்தார் என்று எனக்கு வெகு நாள் கழித்தே புரிந்தது. சில சமயம் நிஜமாகவே அச்சுப் பிழையாக இருந்து, சாயங்காலம் பூந்தி வாங்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

இன்று மதிப்பெண்ணோடு போனுக்கே வந்துவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் பழைய காலம் திரும்பி வரவே வேண்டாம்.

மறக்க முடியாத நாள் எது?

1991 மே 22. முந்தின நாள் இரவு பத்து மணிக்கு மேல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். எங்களுக்கு அது காலையில் கட்டைப் பிரித்தபோதுதான் தெரியும். வேன் மிகவும் தாமதம். சணலை அறுத்துப் பழுப்புத் தாளைக் கிழித்த அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். சில பேப்பர்களில் முதல் பக்கம் மட்டும் புதிது, உள்ளே பழைய தேர்தல் பிரசாரச் செய்தி. ராஜீவ் அடுத்து எங்கே பேசுவார் என்றுகூட ஏதோ ஒன்றில் இருந்தது.

விடிவதற்குள் வாசலில் ஐம்பது பேர். இரட்டிப்பு விலை, மூன்று மடங்கு விலை என்று காசை நீட்டுகிறார்கள். கடைக்கென்று வந்த பேப்பரை அப்பா போட்ட விலைக்கே விற்றுத் தீர்த்தார். மிச்சமெல்லாம் லைன் பேப்பர். "அது வீட்டுக்காரங்க பேப்பர்" என்று சொல்லிக் கட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை, பையன்களை வீட்டில் வெளியே விடவில்லை. இரண்டு பேர்தான் வந்தார்கள். எனக்குப் பதினாறு வயது. அண்ணனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு நானும் ஒரு லைனுக்குப் போனேன். அதுவரை பேப்பர் போட்டதில்லை. மடித்து எறியத் தெரியாமல் ஒவ்வொரு வீட்டிலும் இறங்கிக் கையில் கொடுத்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, தலைப்பைத்தான் பார்த்தார்கள். ஒரு ஆச்சி மட்டும், "பொம்பளப் பிள்ளயவா இன்னைக்கு அனுப்பினாரு உங்கப்பா?" என்று அதட்டி, தண்ணீர் கொடுத்து, தெருமுனைவரை கூட வந்தார்.

ஒரு பேப்பரை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

எண்ண முடியாது. டீக்கடையில் பேப்பர் முழுசாக ஒருவர் கையில் இருந்து நான் பார்த்ததேயில்லை. தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கொன்றாக இருக்கும். "அண்ணே, அந்தச் சினிமாப் பக்கத்த இங்கிட்டுத் தள்ளுங்க" என்று மாற்றிக்கொள்வார்கள். முதல் பக்கத்தில் தொடங்கிய செய்தியின் தொடர்ச்சி எதிர் பெஞ்சுக்காரர் கையில் இருக்கும். அவர் வாய்விட்டுப் படிப்பார், இவர் கேட்டுக்கொள்வார்.

எங்கள் ஊரின் இன்னொரு வாசிப்பு தீப்பெட்டி ஆபீஸ். பேர்தான் ஆபீஸ், தொழிற்சாலை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பெட்டிக்குள் குச்சி அடைப்பார்கள். கை ஓயாது, காது சும்மா இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கத் தெரிந்த ஒரு அக்கா பேப்பரை உரக்கப் படிக்கும். எங்கள் பெரியம்மா கையெழுத்துப் போடத் தெரியாதவள். தங்கம் விலை, கொலைக் கேஸ், எந்த ஊரில் யார் ஓடிப்போனார் என்று எல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பாள்.

இப்படி ஒருவர் படிக்கப் பலர் கேட்பதற்கு ஏற்ற தமிழில் பேப்பர் வந்ததற்கு சி. பா. ஆதித்தனாருக்குக் கடன்பட்டிருக்கிறோம். 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கியவர், பேச்சுக்கு நெருக்கமான சின்னச் சின்ன வாக்கியங்களில் செய்தி எழுத வைத்தார். படித்தவர்கள் அந்த நடையைக் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களும் டீக்கடையில் அதைத்தான் படித்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள் பெட்டிக்கடையில் தொங்கும் தலைப்புப் போஸ்டரில் ஆரம்பித்து, கன்னித்தீவு படக்கதைக்கு வந்து, அப்புறம் செய்திக்குப் போவார்கள். முடியாமல் இழுத்துக்கொண்டே போகிற எதையும் 'கன்னித்தீவு மாதிரி' என்று நாம் சொல்வது அங்கிருந்து வந்ததுதான்.

பேப்பரின் அடியில் நான்கு வண்ணப் புள்ளிகள் எதற்கு? விளிம்பு ஏன் ரம்பம் மாதிரி இருக்கிறது?

நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மையையும் தனித்தனித் தகட்டிலிருந்து ஒன்றின் மேல் ஒன்றாக அடிக்கிறார்கள். அந்தச் சிவப்பு கொஞ்சம் ரோஸ் கலந்தது. நான்கும் சரியான இடத்தில் விழுகின்றனவா என்று அச்சடிப்பவர் பார்ப்பதற்குத்தான் அந்தப் புள்ளிகள். புள்ளி விலகியிருந்தால் அன்றைக்கு நடிகைக்கு இரண்டு உதடு இருக்கும். விளிம்பு, ஓடுகிற தாளைப் பல் வைத்த கத்தி வெட்டுவதால். கையில் மை ஒட்டுவது, அந்த மை உலராமல் தாளுக்குள் ஊறுகிற ரகம் என்பதால். என் ஸ்கூல் யூனிஃபார்மின் இடுப்புப் பக்கம் எப்போதும் சாம்பல் நிறம்தான்.

எடுத்து வைத்த பழைய பேப்பர் ஏன் மஞ்சளாகிறது?

மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருளை நீக்காமலே மலிவாகக் கூழாக்கிச் செய்த தாள். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுத்துவிடும். முக்கியமான பக்கம் என்றால் வெயில் படாமல் பெட்டியில் வையுங்கள். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினால் சீக்கிரம் போய்விடும்.

நான் பிறந்த நாளின் பேப்பர் உங்களிடம் இருக்குமா?

இருக்காது. மிஞ்சியதெல்லாம் எடைக்குப் போய்விடும். சென்னை கன்னிமாரா நூலகம் நாட்டில் வெளியாகும் புத்தகங்களும் நாளிதழ்களும் சட்டப்படி வந்து சேர வேண்டிய நூலகங்களில் ஒன்று. அங்கே கேட்டுப் பாருங்கள். இன்னும் பழைய இதழ்கள் என்றால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததிலிருந்து வளர்ந்தது.

வடை எண்ணெயைப் பேப்பரில் ஒற்றலாமா?

கூடாது. அச்சு மை உணவில் இறங்கும். உணவைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பதைச் சட்டமே தடை செய்திருக்கிறது. ஏஜென்ட் மகள் சொல்கிறேன், கேளுங்கள். அலமாரியில் விரிக்கலாம், ஜன்னல் கண்ணாடி துடைக்கலாம், வாழைத்தாரைச் சுற்றலாம்.

கொரோனாவில்தான் பேப்பர் விழுந்ததா?

விழத் தொடங்கியது முன்னாலேயே. கொரோனா அதை வேகமாக்கியது. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்ததும், பேப்பரில் வைரஸ் ஒட்டி வரும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றியது. முப்பது வருடம் வாங்கியவர்கள் வாசலிலிருந்து கைகாட்டி வேண்டாம் என்றார்கள். சிலர் சூடான இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துப் படித்தார்கள். கடைகள் மூடியதால் விளம்பரம் இல்லை, பேப்பர் மெலிந்து போனது. கட்டைத் தூக்கிய அப்பா, "என்ன தாயி, நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றார்.

தாள் விலையும் ஒரு பக்கம். கரும்புச் சக்கையிலிருந்து அச்சுத்தாள் செய்யலாம் என்று தமிழக அரசே கரூர் பக்கம் புகளூரில் ஆலை தொடங்கி, 1984இல் உற்பத்தி வந்தது. அப்பா ஏஜென்சி எடுத்த அதே வருடம். அப்படியும் நாட்டின் தேவையில் பெரும்பங்கு இறக்குமதிதான். 2019இல் அதற்குப் பத்து சதவீதம் சுங்கவரி போட்டார்கள், மறு வருடம் ஐந்தாகக் குறைத்தார்கள். 2022இல் ரஷ்யா உக்ரைன் போர் வந்து தாள் வருகிற வழியே நெருக்கடியானது. ஆனால் எங்கள் தெருக் கணக்கு வேறு. ஊரடங்கு தளர்ந்த பிறகு பலர் திரும்பக் கேட்டார்கள். அதற்குள் பையன்கள் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள்.

இனி அச்சுப் பேப்பர் எதற்குத்தான் வேண்டும்?

சட்டத்துக்கு இன்னும் வேண்டும். நிலம் கையகப்படுத்தும்போது அறிவிப்பை அந்தப் பகுதியில் ஓடும் இரண்டு நாளிதழ்களில் போட வேண்டும், ஒன்று வட்டார மொழியில். சம்மனை வாங்காமல் தட்டிக்கழிக்கும் பிரதிவாதிக்கு நீதிமன்றம் நாளிதழ் விளம்பரம் மூலம் அறிவிக்கச் சொல்லலாம். கிரிமினல் வழக்குள்ள வேட்பாளர் அதை விளம்பரமாக வெளியிட வேண்டும் என்பது 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இதெல்லாம் ஊரில் யாரோ பேப்பர் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் எழுதிய விதிகள். எங்கள் தெருவில் இப்போது ஒரு வீட்டுக்கும் பேப்பர் வருவதில்லை. நாளைக்கு எங்கள் நிலத்துக்கு அறிவிப்பு வந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும் என்று அப்பா கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

போனில் படிப்பது மட்டமா?

இல்லை. நானும் போனில்தான் படிக்கிறேன். கிரிக்கெட் ஸ்கோர், மழை விடுமுறை எல்லாம் அதில்தான் சரி. எனக்குள்ள சங்கடம் ஒன்றுதான். பேப்பரில் தப்பாக வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும். கடைசிப் பக்க அடியில் அச்சிட்டவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயரும் இடமும் இருக்கும். அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரைப் போட வேண்டும் என்று 1867இலேயே சட்டம் வந்தது. 2024இல் அதன் இடத்துக்குப் புதிய சட்டம் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் பிரபல நாளிதழின் பெயர் போட்டு வரும் அட்டைச் செய்திகளுக்கு அந்த அடிவரி கிடையாது. அப்பாவிடம் எதைக் காட்டினாலும் திரையைக் கீழே தள்ளித் தள்ளி அந்த வரியைத் தேடுகிறார்.

அண்ணாச்சிக்கு நான் பழைய பேப்பர் பாக்கி தர வேண்டும். இப்போது கொடுக்கலாமா?

இதை இத்தனை பேர் கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாக்கி நோட்டு அம்மாவிடம் இருக்கிறது. 1997இல் மூன்று மாதம் வைத்துவிட்டு ஊர் மாறிப் போனவர்கூட அதில் உண்டு. வீட்டில் யாராவது தவறிய வருடம் என்று தெரிந்தால் அந்தப் பக்கத்தை அப்பா அடித்துவிட்டிருக்கிறார். அவர்கள் தர வேண்டியதில்லை. மற்றவர்கள் வரலாம், காபி உண்டு. மதியம் மட்டும் வராதீர்கள். அப்பா தூங்குவார். இப்போதும் மூன்றரைக்கு எழுந்துவிடுகிறார்.